ஜெர்மன் படம் ‘ஆசிரியர் அறை’: திருடியது யார் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே, எனக்கு மட்டும்தான் எரிச்சலா?

கெடிலக்கரை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், பன்னிரண்டு வருட சர்வீஸ். உலகப் படம் பார்க்கிற ஆள் நான் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன், அவள்தான் “அக்கா, இது உன் கதைதான், உட்காரு” என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ‘டாஸ் லேரர்ட்ஸிம்மர்’, நம்ம பேச்சில் சொன்னால் ஸ்டாஃப் ரூம். 2023-ல் வந்தது, இயக்கியவர் இல்கெர் சாடாக். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் பார்த்து முடித்தபோது பிராக்டிகல் எக்ஸாம் டூட்டி முடித்த மாதிரி தோள்பட்டை வலித்தது.

கதையை முழுசாகச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது, பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்லா நோவாக் என்று ஒரு புது டீச்சர், கணக்கும் விளையாட்டும் எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி பணம் காணாமல் போகிறது. மற்ற வாத்தியார்கள் வகுப்புத் தலைவர்கள் இரண்டு பேரைத் தனியாக உட்கார வைத்துப் பெயர்ப் பட்டியலை நீட்டி, பேனாவை ஒவ்வொரு பெயராக நகர்த்தி, “சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு” என்கிறார்கள். அப்புறம் வகுப்பில் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பையன்களின் பர்ஸை மேசையில் வைக்கச் சொல்கிறார்கள். அலி என்கிற துருக்கிய வீட்டுப் பையனிடம் கொஞ்சம் அதிகப் பணம் இருக்கிறது, உடனே அவன்தான் என்று முடிவு. அம்மா அப்பா வந்து, நாங்கள் கொடுத்த பணம் என்கிறார்கள். கார்லாவுக்கு இது பிடிக்கவில்லை. அதே சமயம் ஸ்டாஃப் ரூமில் காபிக்குக் காசு போடும் உண்டியலிலிருந்து ஒரு டீச்சரே சில்லறை எடுப்பதை அவள் பார்த்துவிடுகிறாள். தன் கோட்டில் பர்ஸை வைத்து நாற்காலியில் மாட்டிவிட்டு, லேப்டாப் கேமராவை ஓட விட்டுவிட்டு வெளியே போகிறாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கை தெரிகிறது. நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்ட பிளவுஸ் கை. அதே பிளவுஸைப் போட்டுக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார் செயலாளர் திருமதி கூன். அவர் மகன் ஓஸ்கர்தான் கார்லாவின் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன்.

இதற்கு மேல் ஊரே பற்றி எரிகிறது. அந்த அம்மா இல்லவே இல்லை என்கிறார், வேலையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள், பையன் டீச்சரை எதிரியாக்குகிறான், பள்ளிப் பத்திரிகை நடத்தும் பெரிய பிள்ளைகள் கார்லாவைப் பேட்டி எடுத்துக் கிழிக்கிறார்கள். முடிவில் ஓஸ்கர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க, போலீஸ்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். படம் முடிந்தது. எடுத்தது கூன் அம்மாவா இல்லையா? சொல்லவே இல்லை!

கணக்கு டீச்சர் நான், விடை இல்லாத கணக்கைக் கரும்பலகையில் விட்டுவிட்டு மணி அடித்ததும் போக என்னால் முடியாது. இது ஏமாற்று வேலையா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?

இன்னொன்று. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கேள்வி இதனாலும்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் பிச்சாவரம் டூருக்கு 18 பிள்ளைகளிடம் ஆளுக்கு 350 ரூபாய் வசூலித்து, 6,300 ரூபாயை ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஸ்டாஃப் ரூம் டிராயரில் வைத்தேன். மதியத்துக்கு மேல் கவர் இருக்கிறது, பணம் இல்லை. எல்லார் பையையும் செக் பண்ணலாம் என்று மேடம் சொல்கிறார்கள். நான் இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன். என்ன செய்வது?

---

குருசுக்குப்பத்தான்:

டீச்சர், எரிச்சல் வந்தது என்றால் படம் சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நான் பாண்டியில் திரையிடல் எங்கே நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறவன், இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தாயிற்று. மூன்றாவது தடவை அந்த வீடியோ வருகிற இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகம் கிடையாது. உடம்பு கிடையாது. ஒரு கை வருகிறது, கோட்டு அசைகிறது. கார்லா பார்ப்பதற்கு மேல் நமக்கு ஒரு துளி கூடக் காட்டுவதில்லை, அவளுக்கு இருக்கிற அத்தாட்சிதான் நமக்கும். அதை வைத்துக்கொண்டு நாமும் அவளோடு சேர்ந்து ஆபீஸ் வரைக்கும் நடந்து போய், அந்த அம்மாவின் கையைப் பார்த்ததும் “ஆ, மாட்டினாள்” என்று நினைத்தோமா இல்லையா? நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கார்லாவின் கண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாருமே அதே நட்சத்திர பிளவுஸோடு நடக்கிற மாதிரி தெரியும் ஒரு காட்சி வருமே, அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரே துணியில் ஊரில் எத்தனை பேர் சட்டை தைத்துப் போட்டிருப்பார்கள்! நேரு வீதியில் ஒரே டிசைன் சுடிதார் தீபாவளிக்கு முந்தின வாரம் எத்தனை போகும்?

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒன்று கேட்கிறேன். 0.999... என்று முடிவில்லாமல் போகிற எண்ணும் 1-ம் ஒன்றா என்று கார்லா வகுப்பில் கேட்பாளே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பிள்ளை ‘இல்லை, கொஞ்சம் குறைவு’ என்று சொல்லும். ஓஸ்கர் எழுந்து போய் ஒன்பதில் ஒன்று என்றால் 0.111..., அதை ஒன்பதால் பெருக்கு என்று பலகையில் போட்டுக் காட்டுவான். சும்மா சொல்வதற்கும் நிரூபிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, படிப்படியாக வர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவளே கார்லாதான். அதே டீச்சர் ஒரு பிளவுஸ் கையை வைத்து நேராக விடைக்குத் தாவிவிடுகிறாள். 0.999 வரைக்கும் அவளுக்கு உறுதி, அதற்குப் பின்னால் இருக்கிற புள்ளிகளை அவளாகவே போட்டுக்கொண்டாள்.

படம் எடுத்த விதத்தையும் பாருங்கள். திரை அகலமாக இல்லாமல் பழைய டிவி மாதிரி 4:3, கிட்டத்தட்ட சதுரம், ஒளிப்பதிவு யூடித் கௌஃப்மான். கார்லா தன் வீட்டுக்குப் போவதை ஒரு தடவையாவது பார்த்தீர்களா? சாப்பிடுவது, தூங்குவது, அம்மாவுக்கு போன் போடுவது, ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நமக்கு விடுதலையே கிடையாது. பின்னணியில் நரம்புக் கருவியை விரலால் சுண்டிச் சுண்டி விடுகிற சத்தம் வேறு, மார்வின் மில்லர் இசை, கொசு மாதிரி காதோரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்லாவாக நடித்த லியோனி பெனெஷ் கோபமே படமாட்டார், கனிவாகப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்குவார். ஜெர்மனியின் தேசியத் திரைப்பட விருதில் அந்த வருடம் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகை, படத்தொகுப்பு என்று ஐந்தைத் தட்டிக்கொண்டு போனது சும்மா இல்லை. ஆஸ்கர் கடைசிப் பட்டியலுக்கும் போனது, அங்கே கிடைக்கவில்லை.

உங்கள் 6,300 ரூபாய் பற்றி என்னிடம் யோசனை இல்லை, நான் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறவன்.

---

சில்வர்பீச் சுண்டல்:

எல்லாரும் பாராட்டுகிறீர்கள், நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு சண்டை இல்லை, ஒரு பாட்டு இல்லை, ஸ்கூல் மீட்டிங் மேல் மீட்டிங். ஸ்கூல் மீட்டிங் பார்க்க நான் எதற்கு ஜெர்மனி போக வேண்டும், என் பொண்டாட்டி டீச்சர்தான், தினமும் ஏழு மணிக்கு இலவசமாக ஓடுகிறது. டீச்சர் பணம் போனது வருத்தம். டிராயருக்குப் பூட்டு போடுங்கள், அறுபது ரூபாய்.

---

ஓல்டு டவுன் வாத்தியார்:

பூட்டு யோசனை சரியானதுதான் தம்பி, அதைக் கிண்டலாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

அம்மா, நான் அரசுப் பள்ளியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பேரனிடம் சொல்லி இந்தப் படத்தைப் போடச் சொன்னேன். எழுத்து வேகமாக ஓடுகிறது, நடுநடுவே நிறுத்திப் படித்தேன். கார்லா நல்ல பிள்ளை. ஆனால் அவள் செய்த பிழை கேமரா வைத்தது மட்டும் இல்லை. கூன் அம்மாளிடம் தனியாகப் போய், ‘கொடுத்துவிட்டால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம்’ என்கிற தோரணையில் பேசினாள் பாருங்கள், அங்கே தண்டவாளம் விலகியது. சமாதானம் பேசுகிற மாதிரி குற்றப் பத்திரிகை வாசித்தாள். எடுத்தவராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒத்துக்கொள்ள முடியாது, எடுக்காதவராக இருந்தால் செத்துப் போய்விடலாம் போல இருக்கும்.

1994-ல் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு இது நடந்தது. ஒரு பையனின் பரீட்சைக் கட்டணம் காணோம். நானே முன்னால் நின்று எல்லாப் பையையும் தரையில் கொட்டச் சொன்னேன். ஒரு மீனவப் பையன் பையிலிருந்து சாக்பீஸ் துண்டுகள் விழுந்தன. முப்பது நாற்பது இருக்கும், நாங்கள் எழுதித் தீர்த்துப் போட்ட நுனித் துண்டுகள். சாக்பீஸ் திருடுகிறவன் பணமும் திருடுவான் என்று இரண்டு அடி போட்டேன், அன்றைக்கு அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தப் பணம், கட்டணம் தொலைத்த பையனின் வரலாற்று நோட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தத் துண்டு எதற்கு என்று பிறகுதான் கேட்டேன். அவன் அம்மா ஏலத்தில் எடுத்த மீன் கூடையில் அடையாளம் போடுவதற்காம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை அம்மா. வாத்தியார் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். அவன் பத்தாவது முடித்தான், படகில் போகிறான், இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் ‘சார்’ என்று விலை குறைத்துத் தருகிறான், எனக்குத்தான் மீன் இறங்காது.

இப்போது சட்டமே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. உங்கள் மேடத்திடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூம் டிராயரில் போன பணத்துக்கு வகுப்புப் பிள்ளைகளின் பையை ஏன் முதலில் சோதிக்க வேண்டும்? அந்த அறைக்குள் யார் யார் போய்வருவார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பிள்ளைகள் எத்தனையாவது இடத்தில் வருவார்கள் என்று. படத்திலும் அதேதான். முதலில் பிள்ளைகள், அதிலும் வெளியூர்க்காரர் வீட்டுப் பிள்ளை. வாத்தியார்கள் பர்ஸை யாராவது மேசையில் வைக்கச் சொன்னார்களா?

---

ஹாம்பர்க் ரிட்டர்ன்:

வணக்கம், நான் வில்லியனூர். கப்பல் சரக்குக் கம்பெனி வேலையாக நான்கு வருடம் ஹாம்பர்க்கில் இருந்தேன், என் மகள் அங்கே ஐந்தாவது வரை படித்தாள். படம் பிடித்ததும் ஹாம்பர்க்கில்தான், அதனால் அந்த ஆகாயத்தின் சாம்பல் நிறம் பார்த்ததுமே எனக்கு ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

நம்ம ஊர்க் கண்ணோடு பார்த்தால் இரண்டு மூன்று இடம் புரியாமல் போகும். ஒன்று, ‘டீச்சர் கேமரா வைத்தால் என்ன, திருடனைப் பிடிக்கத்தானே’ என்று தோன்றும். இங்கே ஸ்கூல் வேன், ரேஷன் கடை, டீக்கடை எல்லாம் கேமரா. அங்கே ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் படம் பிடிப்பது பெரிய விஷயம். 2010-ல் கூகுள் தன் தெருக்காட்சிப் படங்களை ஜெர்மனியில் வெளியிடப் போனபோது சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டை மங்கலாக்கிக் காட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள், கூகுளும் மங்கலாக்கித்தான் போட்டது. என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். ஸ்டாசி உளவுத்துறைக்காக அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்கிறவர், சில வீட்டில் சொந்தக்காரரே தகவல் கொடுத்த காலம் அது. நான் கதவில் கேமரா மாட்டலாமா என்று கேட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் சூப் கிண்ணத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனவே கார்லா வைத்த கேமராவைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் அப்படிக் கொதிக்கிறார்களே, அது திருடனுக்குப் பரிந்து பேசுவது இல்லை. ‘எங்களையும் பிடித்திருக்கிறாயா’ என்கிற கோபம். வகுப்புத் தலைவர்களைப் பேர் காட்டச் சொல்கிற காட்சிக்கும் அங்கே இதே கனம் உண்டு.

இரண்டாவது, பள்ளி. ஹாம்பர்க்கில் நான்கு வருடம் தொடக்கப் பள்ளி, அது முடிந்ததும் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்கிற கிம்னாசியமா, எல்லா வகைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற ஷ்டாட்டைல்ஷூலேயா என்று பிரிகிற இடம் வந்துவிடும். பத்து வயதில்! மதிப்பெண் 1 என்றால் உச்சம், 6 என்றால் பெயில், நம் நூற்றுக்கு நேர் எதிர். என் மகள் முதல் தடவை 1 வாங்கி வந்தபோது என் அம்மா போனில் அழுதே விட்டார். அந்தப் பெற்றோர் கூட்டம் வருகிறதே, கூன் அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாரே, அந்த மாதிரிக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க எல்லாரும் உட்கார்ந்து ரொம்ப நாகரிகமாகப் பேசுவார்கள், குரல் உயராது, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஊசி.

மூன்றாவது, கார்லா போலந்துக் குடும்பத்துப் பெண். இன்னொரு டீச்சர் அவளிடம் போலிஷில் பேச வரும்போது இங்கே ஜெர்மனிலேயே பேசலாமே என்பாள். ஒரு நொடிதான் வரும் அந்த இடம். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது, ஆபீஸில் இன்னொரு தமிழர் என்னைத் தமிழில் கூப்பிட்டால் நானும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறேன். இயக்குநரும் துருக்கிய வீட்டுப் பிள்ளை, பெர்லினில் பிறந்து கொஞ்ச காலம் இஸ்தான்புல்லில் படித்தவர். திரைக்கதையைச் சேர்ந்து எழுதிய யோஹானஸ் டுங்கர் அங்கே அவரோடு படித்தவர். அவர்கள் வகுப்பிலேயே பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பையன்கள் பர்ஸை மேசையில் வைக்கச் சொன்ன சம்பவம் நடந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சியில் அவ்வளவு அமைதி.

---

நெல்லிக்குப்பம் கரும்பு:

நான் பொதுவாகப் படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவதில்லை. வாத்தியார் ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2006, நான் எட்டாவது. வகுப்பில் ஒருவனுக்கு அவன் மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த வாட்ச், பி.இ.டி. பீரியடில் கழற்றி வைத்தது காணாமல் போய்விட்டது. எங்கள் சார் அடிக்கிற ஆள் இல்லை, புத்திசாலி. தென்னந்துடைப்பத்தை உருவி, எல்லாருக்கும் சரி அளவாக ஒடித்து ஆளுக்கொரு குச்சி கொடுத்தார். ‘மந்திரித்த குச்சி, ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கு, எடுத்தவன் குச்சி மட்டும் ஒரு அங்குலம் வளர்ந்துவிடும், நாளைக்குக் கொண்டு வா’ என்றார். இந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும், திருடன் பயந்துபோய் ஒரு அங்குலம் ஒடித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்வான். பாட்டி சொல்லி எனக்குமே தெரியும்.

கதை தெரிந்தும் என்ன பிரயோஜனம், ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டுக் குச்சியை ஸ்கேலில் வைத்து அளந்தேன். ஒரு மி.மீ. அதிகமாகத் தெரிந்தது. திரும்ப அளந்தேன், சரியாக இருந்தது. இரண்டு மணிக்கு மறுபடி அளந்தேன். நான் வாட்சைத் தொடவே இல்லை, ஆனால் அதைப் பார்த்து ஆசைப்பட்டது நிஜம், ஒரு தடவை கையில் கட்டிப் பார்க்கவும் கேட்டிருந்தேன், எல்லாருக்கும் அது தெரியும். ஒருவேளை குச்சி வளர்ந்துவிட்டால்? நகத்தால் நுனியைக் கிள்ளினேன். கொஞ்சம்தான் கிள்ள நினைத்தேன், நார் உரிந்து கூடவே வந்துவிட்டது.

காலையில் வரிசையாக நிற்க வைத்து அளந்தார். என் குச்சிதான் குட்டை.

சார் ஒன்றும் சொல்லவில்லை, தோளில் கை வைத்து “கொடுத்துடுப்பா, யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றார். கார்லா கூன் அம்மாவிடம் பேசுகிற குரல் அச்சு அசல் அந்தக் குரல். அன்பாகத்தான் இருந்தது. அடித்திருந்தால் கூட நான் இல்லை என்று கத்தியிருப்பேன், அன்பாகக் கேட்டதும் வாயே வரவில்லை. அம்மா அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். படத்தில் ஓஸ்கர் தன் சேமிப்புப் பணத்தைக் கொண்டு வந்து டீச்சர் முன்னால் வைப்பானே, அம்மாவை விட்டுவிடு என்று, அந்த இடத்தில் நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

வாட்ச் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று இன்றைக்கும் தெரியாது. நீங்கள் படம் ஏமாற்றிவிட்டது என்கிறீர்கள் டீச்சர். எனக்கு இருபது வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

---

குருசுக்குப்பத்தான்:

கரும்பு தம்பி, படித்துவிட்டு மிஷினை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

டீச்சர், முன்பு சொல்ல விட்டுப்போன ஒன்று. கார்லா கொடுத்த ரூபிக் கனசதுரத்தை முடிவில் ஓஸ்கர் சேர்த்துக் காட்டுவான். இருவரும் தனியாக வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். படத்தில் முழுசாகத் தீர்க்கப்படுகிற கணக்கு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

---

சில்வர்பீச் சுண்டல்:

சரி, மீதிப் பாதியையும் பார்த்தேன். பையன் கத்தாமல் நாற்காலியில் ராஜா மாதிரி போகிறான். அது நன்றாக இருந்தது. மீட்டிங் பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

---

கெடிலக்கரை டீச்சர்:

எல்லாருக்கும் பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, யூனிட் டெஸ்ட் பேப்பர்.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி, அறைக்குள் போய்வருகிறவர்கள் பட்டியலை எழுதினேன். டீச்சர்கள் பதினொரு பேர், ஆபீஸில் இரண்டு, கூட்டுகிற ஆயா, தண்ணீர் கேன் போடுகிற பையன், ஜெராக்ஸ் மிஷின் பார்க்க வந்த ஆள், அதற்குப் பிறகு நோட்டுக் கட்டு எடுத்து வரும் பிள்ளைகள். எழுதிக்கொண்டே வரும்போது ஆயா பெயருக்கு நேராகப் பேனா தானாக நின்றது. எதற்கு அங்கே நிற்கிறது என்று எனக்கே சுரீர் என்றது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வராந்தா கேமரா இருக்கிறது, ஆனால் அது அறிவிப்புப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, பலகையில் எதுவும் திருட்டுப் போகவில்லை.

மேடத்திடம் 17-ஆம் பிரிவைச் சொன்னேன். “நீங்கள் எனக்குச் சட்டம் சொல்கிறீர்களா” என்று முதலில் முகம் சுண்டிப் போனது, ஆனால் பை சோதனை இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்றேன். அது கூடாதாம், கட்டினால் கவனக்குறைவை ஒத்துக்கொண்ட மாதிரி ஃபைலில் ஏறுமாம். கவனக்குறைவுதானே மேடம் என்றேன். டீச்சர்கள் எல்லாரும் ஆளுக்கு நூறு போட்டார்கள், ஆயாவும் ஐம்பது ரூபாய் கொண்டு வந்து நீட்டினாங்க. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றேன், வாங்கினேன். மீதியை நான் போட்டேன். டூர் இருக்கிறது. டிராயருக்குப் பூட்டு வாங்கியாயிற்று சுண்டல் சார், அறுபது இல்லை, எண்பத்தைந்து.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்தக் கேள்வியைப் போட்ட அன்றைக்கே என் மனதில் ஒரு பெயர் இருந்தது. ஆயா இல்லை. என் வகுப்புப் பிள்ளை, அன்றைக்கு மதியம் நோட்டுக் கட்டைக் கொண்டு வந்து வைத்தவள். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், டூருக்குப் பணம் கொடுக்காத பிள்ளைகளில் அவளும் ஒருத்தி, இரண்டு நாள் கழித்து முழுப் பணத்தையும் புது நோட்டாகக் கொண்டு வந்து கொடுத்தாள். இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது, ஒரு பிளவுஸ் கை அளவு. யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் இருந்ததால் நான் கார்லாவை விட ஒரு படி மேல் என்றுதான் நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை முதல் பீரியட், ஒவ்வொருவராக நோட்டைக் காட்டினார்கள். அவள் நோட்டு வந்தது. பின்னம், ஆறு கணக்கு, ஆறும் சரி. மற்றவர்களுக்கு ‘குட்’ என்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னவள் அவளுக்கு மட்டும் தலையை நிமிர்த்தாமல் டிக் போட்டு நோட்டை நகர்த்தினேன். அவள் நோட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பிச்சாவரத்துக்கு வருகிற சனிக்கிழமை போகிறோம். படகில் ஐந்து ஐந்து பேராக ஏற்றுவார்கள், லிஸ்டை நான்தான் எழுத வேண்டும். என் படகில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன்.